கரும்பு வெட்டப் போன தங்கையை மேஸ்திரி ஊருக்கு அனுப்ப மறுக்கிறார், என்ன செய்வது?

செஞ்சிக்காரன்:
தங்கையும் மாப்பிள்ளையும் தை மாதம் கோபி பக்கம் கரும்பு வெட்டப் போனார்கள். ஜோடிக்கு 60,000 ரூபாய் முன்பணம், டன் கணக்கில் கழித்துக்கொள்வதாகப் பேச்சு. வெட்டு முடிந்துவிட்டது. இன்னும் 38,000 பாக்கி என்று மேஸ்திரி நோட்டைக் காட்டுகிறார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கைநாட்டு வைத்த தங்கைக்கு எப்படித் தெரியும்? லாரி வராத நாள், மாப்பிள்ளை காலில் கத்தி பட்டுப் படுத்திருந்த நாள் எல்லாம் செலவாக ஏறியிருக்கிறதாம். ஆதார், ரேஷன் கார்டு அவர் கையில். ஆனியில் கர்நாடகத்து மண்டியாவுக்குக் கூட்டிப்போய்க் கழித்துக்கொள்வாராம். வட்டிக்கு வாங்கிக் கட்டிவிடலாமா? புலம்பெயர் தொழிலாளர் சட்டம் என்று ஏதோ இருக்கிறதாமே?

கல்வராயன்:
ஒரு பைசா கட்டாதீர்கள். நீங்கள் சொல்லும் 1979 சட்டம் மாநிலம் விட்டு மாநிலம் போகிறவர்களுக்காக எழுதியது. 2025 நவம்பரில் அதன் இடத்துக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் புலம்பெயர் தொழிலாளர் என்றால் மாநிலம் தாண்டிப் போனவர்தான். செஞ்சியிலிருந்து கோபிக்குப் போனவர் அந்தக் கணக்கில் வரமாட்டார். இது பெரிய ஓட்டை, கரும்பு வெட்டுகிற நம் ஆட்களில் எத்தனையோ பேர் அதில்தான் விழுகிறார்கள்.

உங்களுக்கு உதவுவது 1976 கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம். பூட்டி வைத்தால்தான் கொத்தடிமை என்று தாசில்தார் ஆபீசிலேயே சொல்வார்கள், நம்பாதீர்கள். முன்பணத்தைக் காட்டி, வேறு வேலைக்கோ ஊருக்கோ போகவிடாமல் தடுத்தாலே போதும். அந்தக் கடன் செல்லாது. கொத்தடிமைக் கடன் இல்லை என்று நிரூபிக்க வேண்டியவர் கடன் கொடுத்தவர்தான்.

கோபி கோட்டாட்சியரிடம் மனு கொடுங்கள், நகல் ஈரோடு ஆட்சியருக்கு. மண்டியாவுக்கு ஏற்றிவிட்டால் வேறு மாநில அதிகாரியைத் தேடி அலைய வேண்டியிருக்கும். விடுவிப்புச் சான்றிதழ் இல்லாமல் திரும்பாதீர்கள். உடனடி உதவி 30,000 வரை அதை வைத்துத்தான் கிடைக்கும். ஆணுக்கு 1 லட்சம், பெண்ணுக்கு 2 லட்சம் என்ற மறுவாழ்வுத் தொகையும் உண்டு, ஆனால் அது வழக்கு முடிவோடு கட்டிப்போட்டது. இழுக்கும்.

சோகைக்காடு:
நாங்களும் இப்படி மீண்டு வந்தவர்கள்தான். அண்ணா, விசாரணைக்கு வரும்போது மேஸ்திரி பக்கத்தில் நின்றால் தங்கச்சி வாயே திறக்காது. தனியாக வைத்துக் கேட்கச் சொல்லி மனுவிலேயே எழுதுங்கள். "விருப்பத்தோடுதான் இருக்கிறோம்" என்று யாராவது கைநாட்டு வாங்கிவிட்டால் அப்புறம் எல்லாம் போச்சு. போனில் எதுவும் சொல்லாதீர்கள், அது யார் கையில் இருக்கிறதோ.

செஞ்சிக்காரன்:
நன்றி. ஒரு சிக்கல். மேஸ்திரி எங்களுக்குப் பங்காளி முறை. பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்கிறார் அப்பா.

கல்வராயன்:
பேசட்டும், மனு கொடுத்த பிறகு. மேஸ்திரிக்கும் யாரோ முன்பணம் கொடுத்திருப்பார்கள். அது யார் என்று தெரிந்தால் அந்தப் பெயரையும் மனுவில் சேருங்கள். பங்காளி மட்டும் மாட்டிக்கொண்டு மேலே இருப்பவர் தப்பிப்பதுதான் வழக்கமாக நடக்கிறது.