எல்லாரும் கொடுக்கும் ரேட்டைத்தான் நானும் கொடுக்கிறேன், அது நியாயமாகிவிடுமா?

சோழிங்கநல்லூர்_வாசி:

எங்கள் அப்பார்ட்மெண்டில் 140 வீடுகள். எங்கள் வீட்டுக்குப் பாத்திரம் துலக்க, பெருக்கித் துடைக்க ஒரு அக்கா நாலு வருஷமாக வருகிறார். தினம் ஒன்றரை மணி நேர வேலை, மாதம் 2,500 ரூபாய். போன மாதம் ஐநூறு கூட்டித் தரச் சொல்லிக் கேட்டார். சரி என்று சொல்லிவிட்டு, மற்றவர்கள் எவ்வளவு கொடுக்கிறார்கள் என்று அசோசியேஷன் வாட்ஸ்அப் குழுவில் கேட்டேன், அதுதான் வினையாகிவிட்டது. "ஒருத்தர் ஏத்தினா எல்லாரும் கேப்பாங்க, ரேட்டைக் கெடுக்காதீங்க" என்று ஆரம்பித்து, ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் 2,500க்கு மேல் யாரும் தரக் கூடாது என்று தீர்மானமே போட்டுவிட்டார்கள். நான் கை தூக்கவில்லை. எதிர்த்தும் பேசவில்லை.

அன்றிலிருந்து மனசு சரியில்லை. ஒண்ணாந்தேதி சம்பளம் கையில் கொடுத்துவிடுவேன், தீபாவளிக்குப் புடவையும் ஒரு மாதச் சம்பளமும் உண்டு, யாரையும் ஏமாற்றியதில்லை. ஆனால் நானும் என் மனைவியும் காலை எட்டரைக்கு வேலைக்குக் கிளம்ப முடிகிறதென்றால் அந்த அக்கா வந்து சிங்க்கைக் காலி செய்வதால்தானே? ஊரோடு ஒத்த ரேட் என்றால் அதில் சுரண்டல் இல்லை என்று ஆகிவிடுமா?

பாலாஜி_கணக்கு:

ரொம்பப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். வீட்டு வேலைக்கு 2018-இல் தமிழக அரசு மணிக்கு 37 முதல் 39 ரூபாய் வரை குறைந்தபட்சக் கூலி நிர்ணயித்தது. மாதம் 45 மணி நேரம், 39 என்றே வைத்தாலும் 1,755 ரூபாய்தான். நீங்கள் அதற்கு மேலேயே தருகிறீர்கள். என் அம்மா பென்ஷனில் தனியாக இருக்கிறார், முழங்கால் வலி, ஆள் இல்லாமல் முடியாது. ரேட் ஏறிக்கொண்டே போனால் அவரைப் போன்றவர்கள் ஆளை நிறுத்த வேண்டியதுதான், வேலை செய்கிறவருக்கும் அது நல்லதில்லை.

பெரும்பாக்கம்_மகள்:

அண்ணா, நீங்கள் ஒன்றரை மணி நேரம் என்று எழுதியிருப்பது உங்கள் கடிகாரத்தில். 2015 வெள்ளத்துக்கு அப்புறம் எங்களைக் கூவம் கரையிலிருந்து எடுத்துப் பெரும்பாக்கம் அடுக்குமாடியில் போட்டார்கள். அதற்கு முன்னால் அம்மா வேலை பார்த்த வீடுகள் நடந்து போகிற தூரம். இங்கே வந்ததும் அத்தனையும் போய், புதிதாக நாலு வீடு பிடித்தார். ஒரு வீடு ஏழு மணிக்கு, அடுத்தது பதினொன்றுக்கு. நடுவில் கிடைக்கிற நேரத்தில் வீட்டுக்கு வந்துபோக முடியாது, வாட்ச்மேன் அறைக்குப் பக்கத்துத் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். அந்த நேரத்துக்கு யார் கூலி கொடுப்பது? பஸ் 2021-இலிருந்து இலவசமானதில் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது.

சோப்புத்தண்ணீரிலேயே இருந்து அவர் விரலிடுக்கெல்லாம் சேற்றுப்புண். ராத்திரி மஞ்சளும் எண்ணெயும் குழைத்துப் போட்டுக்கொண்டு படுப்பார், காலையில் அதே கையைத் திரும்பச் சோப்பில் வைப்பார். எங்கள் தாத்தா செத்ததற்கு மூன்று நாள் போகவில்லை என்று ஒரு வீட்டில் சம்பளத்தில் பிடித்தார்கள். பணம் போனதைவிட, அந்த வீட்டுக்கார அம்மா காலண்டரில் சுழித்து வைத்திருந்த மூன்று தேதியைக் காட்டியதுதான் அம்மாவுக்குத் தாங்கவில்லை.

நாகை_இளங்கோ:

பாலாஜி, உங்கள் அம்மா நிலைமை புரிகிறது. ஆனால் அந்த 39 ரூபாய் இதற்குக் கீழே போகாதே என்று போட்ட கோடு. இதற்கு மேல் கொடுக்காதே என்று அரசு எங்கேயும் சொல்லவில்லை, அதை இந்த மாதிரி அசோசியேஷன்தான் சொல்கிறது. 140 வீடும் கூடிப் பேசிக் கூலியை அமுக்கினால் அது மார்க்கெட் ரேட்டே இல்லை. அதே கேட்டுக்கு வெளியே வேலைக்கார அக்காக்கள் நாற்பது பேர் கூடி 3,500க்குக் குறைந்து வரமாட்டோம் என்றால் என்ன பேர் வைப்பார்கள்? வேலைக்கு வருகிறவர்களைப் பதிந்து மதிப்பெண் போடுகிற கேட் ஆப்பில் ஒரே ஒரு ஸ்டார் போட்டு விடுவார்கள், அப்புறம் எந்த வீட்டிலும் கூப்பிட மாட்டார்கள்.

எங்கள் ஊர்ப் பக்கம் கீழவெண்மணியில் விவசாயக் கூலிகள் அரைப்படி நெல் கூலி கூடுதலாகக் கேட்ட காலத்தில் மிராசுதார்கள் நெல் உற்பத்தியாளர் சங்கம் என்று ஒன்று வைத்திருந்தார்கள். 1968 டிசம்பர் 25 ராத்திரி அந்தக் கூலிக்காரக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேரை ஒரே குடிசையில் வைத்து எரித்தார்கள். சோழிங்கநல்லூர்க்காரரே, உங்கள் அசோசியேஷன் கூட்டத்தை அதோடு சமமாக வைக்கவில்லை, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கொடுக்கிறவன் சங்கம் வைத்தால் ஒழுங்கு, வாங்குகிறவன் வைத்தால் அடாவடி என்கிற நினைப்பு மட்டும் இன்னும் போகவில்லை. வீட்டு வேலையாட்களுக்கு நல வாரியம் 2007-இலிருந்தே இருக்கிறது. அந்த அக்கா அதில் பதிந்திருக்கிறாரா என்று முதலில் கேளுங்கள்.

சோழிங்கநல்லூர்_வாசி:

எல்லாருக்கும் நன்றி, பெரும்பாக்கம் தங்கச்சிக்கு முக்கியமாக. இன்று காலை அக்காவிடம் உட்கார்ந்து பேசினேன். உட்காரச் சொன்னதற்கே தயங்கினார், நாலு வருஷத்தில் நான் சொன்னதில்லை. வாரியத்தில் பதியவில்லையாம், ரேஷன் கார்டும் ஆதாரும் எடுத்துக்கொண்டு சனிக்கிழமை சேர்ந்து போகிறோம். ஐநூறைவிட அவருக்கு வேண்டியிருந்தது பிடித்தமில்லாத லீவு. இந்த மாதத்திலிருந்து 3,000, மாதம் நாலு நாள் லீவு என்று முடிவு செய்து அதைக் குழுவிலேயே எழுதிவிட்டேன்.

பொதுவில் திட்டுதான். ஆனால் மூன்று வீட்டுக்காரர்கள் தனியாக மெசேஜ் அனுப்பினார்கள், அவர்களும் 3,000தான் கொடுக்கிறார்களாம், வெளியே சொல்ல பயமாம். அடுத்த கூட்டத்தில் அந்தத் தீர்மானத்தை எடுக்கச் சொல்லப் போகிறேன், மூன்று பேரையும் பக்கத்தில் வந்து உட்காரச் சொல்லியிருக்கிறேன்.