இம்மர்ஷன் கூலிங்: ‘நீர்முழுக்கு’ பொருந்துமா?

> சர்வரைத் திரவத் தொட்டியில் அமிழ்த்திச் சூட்டை எடுக்கும் ‘இம்மர்ஷன் கூலிங்’ முறையைத் தமிழில் ‘நீர்முழுக்குக் குளிரூட்டல்’ எனலாமா?

வேண்டாம் ஐயா. இரண்டு பாதியுமே தப்பான பொருளுக்கு இழுத்துப் போகின்றன. ‘நீர்’ என்றதும் சர்வரைத் தண்ணீரில் போடுவதாகவே படிப்பவர் நினைப்பார். தொட்டியில் இருப்பது மின்சாரம் கடத்தாத செயற்கை எண்ணெய், அல்லது ஃபுளூரின் சேர்ந்த திரவம். அயனி நீக்கிய தண்ணீர்கூட ஆகாது; போர்டிலுள்ள உப்பும் உலோகமும் கரையக் கரைய அது மின்சாரம் கடத்தத் தொடங்கிவிடும். ‘நீர்ம’ என்றாலும் இதே சிக்கல்தான்.

‘குளிரூட்டல்’ இன்னும் மோசம். ஏசி நினைவுதான் வரும். எண்ணெய் 40 டிகிரியில் வெதுவெதுப்பாக இருந்தாலே போதும். அங்கே நடப்பது சூட்டை வெளியேற்றுவது: எண்ணெயிலிருந்து வெப்பமாற்றி வழியாகத் தண்ணீர்ச் சுற்றுக்கு, அங்கிருந்து வெளியிலுள்ள ரேடியேட்டருக்கு. தொட்டி வந்தால் குழாயும் பம்பும் போய்விடும் என்பது வெறும் நம்பிக்கை.

என் பரிந்துரை: அமிழ்த்து வெப்பநீக்கம். ‘அமிழ் வெப்பநீக்கம்’ என்று சுருக்கினால் வெப்பம் அமிழ்வதுபோல் ஆகிவிடும்.

> சரி, திரவம் திரவமாகவே இருக்கும் சிங்கிள் ஃபேஸ், ஆவியாகித் திரும்பும் டூ ஃபேஸ்? ஒருமுனை, இருமுனை?

ஒருமுனை என்றால் எலெக்ட்ரீஷியன் மின் இணைப்பைத் தேடுவார். கொதியாவகை, கொதிவகை என்போம். கொதிவகைக்கு உதாரணம், 3எம் நிறுவனத்தின் ஃபுளூரின் திரவமான நோவெக் 649: அது 49 டிகிரியில் கொதிக்கும். ஆவி மேலேயுள்ள சுருள்குழாயில் பட்டுச் சொட்டுச் சொட்டாகத் திரும்ப விழும். எண்ணெய்த் தொட்டியில் கொதிப்பே கிடையாது. (ஃபுளூரின் திரவங்களை உள்ளடக்கிய பிஃபாஸ் (எளிதில் சிதையாத ஃபுளூரின் வேதிப்பொருள்கள்) தயாரிப்பை 2025 இறுதிக்குள் விடுவதாக 3எம் 2022இல் அறிவித்தது. கொதிவகைக்கு அது பெரிய அடி.)

> ‘அமிழ்த்து’ என்றால் எந்த சர்வரையும் அப்படியே இறக்கலாம் என்றாகாதா?

ஆகும். அதனால் ‘அமிழ்தகு சர்வர்’ என்று தனிச்சொல்லும் வேண்டும். விசிறிகளைக் கழற்ற வேண்டும். கழற்றினால் பழுது என்று ஃபர்ம்வேர் (சர்வருக்குள்ளேயே பதிந்த மென்பொருள்) சர்வரை நிறுத்திவிடும், அதையும் மாற்ற வேண்டும். சிப்புக்கு மேலுள்ள வெப்பப் பசை எண்ணெயில் அரித்துப் போகும். பதிலுக்கு இண்டியம் என்ற மென்மையான உலோகத்தின் தகடு. பிவிசி கேபிள் உறையின் மென்மையாக்கியை எண்ணெய் இழுத்துவிடுவதால் உறை விறைத்துப்போய், வளைத்தால் விரிசல் விடும். காற்றுத் துளையுள்ள ஹார்டு டிஸ்க் கூடவே கூடாது. ஹீலியம் அடைத்து மூடியது தாங்கும். ஒளியிழை இணைப்பியின் லென்ஸ் இடைவெளியில் திரவம் புகுந்தால் ஒளி விலகும் அளவு மாறி சிக்னல் கெடும். அதனால் அதுவும் மூடிய வகையாக இருக்க வேண்டும்.

அகராதி விளக்கத்தில் ‘புதிய நுட்பம்’ என்று மட்டும் எழுத வேண்டாம். 1985இல் வந்த க்ரே-2 சூப்பர் கம்ப்யூட்டர் ஃபுளோரினெர்ட் என்ற ஃபுளூரின் திரவத்தில் அமிழ்ந்தே ஓடியது.