நகம் நீட்டும் சப்பாத்து நம் மலைக்குச் சரிவருமா?

நானுஓயாத் தூறல் (திரியைத் தொடங்கியவர்)

போன செவ்வாய்க்கிழமை விடிகாலையில் தண்ணீர் பிடிக்கும் பீலிக்குப் போகும் படியில் அப்பா சறுக்கி, கையை ஊன்றி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். வயது எழுபத்தொன்று. தேயிலைச் செடியை நறுக்கும் கவ்வாத்துக் கத்தியோடு செங்குத்து மலைகளில் ஏறி இறங்கிய மனிதரை, வீட்டு வாசலிலிருந்து இருபதடி தூரத்தில் இருக்கும் சீமெந்துப் படி வீழ்த்திவிட்டது.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. வழுக்காத சப்பாத்து ஏதும் உண்டா என்று தேடியபோது ஓர் ஆராய்ச்சி கண்ணில் பட்டது. 2020ஆம் ஆண்டு மசாசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஜியோவானி ட்ராவர்சோவும் ஹார்வர்டின் கதியா பெர்டோல்டியும் அவர்களுடைய குழுவினரும் செய்தது. காகிதத்தை வெட்டி மடிக்கும் ஜப்பானியக் கலையான கிரிகாமியையும் பாம்புத் தோலின் செதிலையும் பார்த்து யோசனை பிடித்திருக்கிறார்கள். மெல்லிய தகட்டில் வரிசை வரிசையாகச் சிறு வெட்டுகள் போட்டு, அதைச் சப்பாத்தின் அடியில் ஒட்டுகிறார்கள். நிற்கும்போது தகடு தட்டையாகக் கிடக்கிறது. நடக்கையில் அடி வளைந்ததும் வெட்டுகள் எல்லாம் நகங்களாக எழும்பித் தரையைப் பற்றுகின்றன. கால் மறுபடி தட்டையானால் நகங்கள் உள்ளே போய்விடும். பூனையின் நகம் மாதிரி. பனிக்கட்டி, மரத்தளம், வினைல் விரிப்பு, செயற்கைப் புல் ஆகியவற்றில் நடக்க வைத்துப் பார்த்ததில் உராய்வு 20 முதல் 60 சதவீதம் வரை கூடியிருக்கிறது.

பனி பெய்யும் ஊருக்காக யோசித்ததுதான். ஆனால் மே மாதம் தொடங்கினால் செப்டம்பர் வரை நனைந்தே கிடக்கும் நம் இலங்கை மலையகத்துக்கும் இது தேவையல்லவா? தோட்டங்களில் கொழுந்து பறிப்பவர்களுக்கு இப்படியொன்றைக் கொடுக்கும்படி கேட்டால் என்ன?

பிரட்டுக்களத்துப் பெரியவர்

அப்பா விரைவில் தேற வேண்டும், தம்பி. ஆனால் நீங்கள் கேள்வியைக் காலிலிருந்து தொடங்குகிறீர்கள். பாதையிலிருந்து தொடங்க வேண்டும்.

நான் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவன். விழுந்தவர்களைத் தூக்கி அனுப்பிய அனுபவம் எனக்கு உண்டு. ஒவ்வொரு தடவையும் விழுந்த இடத்துக்கு நேர் மேலே போய்ப் பார்த்தால் மழைத்தண்ணீர் ஓடும் கான் ஒன்று தூர்ந்துபோய்க் கிடக்கும். கான் தூர்ந்தால் தண்ணீர் பாதையில் இறங்கும். பாதையில் தண்ணீர் ஓடினால் மேல்மண் போகும், களிமண் வெளியே வரும். படியில் ஓடினால் பாசி பிடிக்கும். முன்பெல்லாம் கான்வெட்டுக்கென்றே ஆட்கள் பெயர் போடுவார்கள். இப்போது கானும் இல்லை, வெட்ட ஆளும் இல்லை. அதற்குப் பதிலாக ஹார்வர்டிலிருந்து நகம் வரவழைக்கப் பார்க்கிறீர்கள்.

ஒரு கூடை சுண்ணாம்பும் ஒரு கம்பித் தூரிகையும் போதும் உங்கள் படிக்கு.

பேராதனைப் பொறி

ஐயா, கானும் வேண்டும், சப்பாத்தும் வேண்டும். ஒன்றுக்காக மற்றதை ஏன் விட வேண்டும்?

சின்னக் கணக்கு ஒன்று. சரிவில் வழுக்காமல் நிற்க வேண்டுமானால் உராய்வு எண் (அடி தரையை எவ்வளவு பற்றுகிறது என்ற அளவு), சாய்கோணத்தின் தான்சன் (tan) பெறுமானத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். 20 பாகைச் சரிவுக்கு 0.36. 30 பாகைக்கு 0.58. நனைந்த பாதையில் தேய்ந்த செருப்பின் உராய்வு எண் 0.3 என்று வைத்துக்கொள்வோம். ஏறத்தாழ 17 பாகை வரைதான் நிற்கலாம். அது 60 சதவீதம் கூடினால் 0.48. இப்போது 25 பாகைக்கு மேலும் நிற்கலாம். நடக்கும்போது இதைவிடக் கூடுதலாகத் தேவைப்படும் என்பது உண்மைதான். ஆனாலும் ஏறத்தாழ ஒன்பது பாகையான அந்த வித்தியாசம் நம் குறுக்குப்பாதைகளில் பாதியைப் பாதுகாப்பானதாக மாற்றிவிடும்.

கான் வெட்டச் சொல்லித் தோட்ட நிர்வாகத்தைக் கேட்டு எத்தனை வருடம் காத்திருப்பது? சப்பாத்தை நாளைக்கே போட்டுக்கொள்ளலாம்.

பிரட்டுக்களத்துப் பெரியவர்

உங்கள் கணக்கு சீமெந்துக்கும் பலகைக்கும் சரி. சேற்றில் நடந்து பார்த்திருக்கிறீர்களா? நகம் சேற்றைப் பிடிக்கும். சேறு மலையைப் பிடிக்குமா? மேலே உள்ள இரண்டு அங்குலக் களி அப்படியே பெயர்ந்து, உங்களையும் உங்கள் நகத்தையும் ஏந்திக்கொண்டு கீழே போகும். போதாக்குறைக்கு அந்தச் சின்ன வெட்டுகளில் களி அப்பிக் காய்ந்தால் நகம் எங்கே எழும்பப் போகிறது? ஆராய்ச்சிக்காரர்கள் நடத்திப் பார்த்த நான்கு தரைகளில் சேறு இருக்கிறதா, பாசி இருக்கிறதா என்று தம்பியின் பதிவைத் திரும்பப் படியுங்கள்.

அட்டைக்கடி

அட்டை ஏறாத சப்பாத்தை எவராவது கண்டுபிடித்தால் முதலில் எனக்குச் சொல்லுங்கள். நகம் பிறகு.

மாவுக்கட்டு

ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறேன். மழை தொடங்கினால் எங்கள் பிரிவில் மணிக்கட்டும் இடுப்பும்தான். எப்படி விழுந்தீர்கள் என்று ஒவ்வொருவரையும் கேட்பது என் பழக்கம். பெரும்பாலானோர் சொல்வது ஒன்றே: இறங்கும்போது, குதிக்கால் வைத்ததும் கால் முன்னே ஓடிவிட்டது.

பொறியியல் படிக்கும் தம்பி இதைக் கவனிக்க வேண்டும். நடையில் கால் வழுக்கும் நேரங்கள் இரண்டு. விரலால் தரையை உந்தும்போது வழுக்கினால் கால் பின்னே போகும். தடுமாறுவோம், பெரும்பாலும் சமாளித்துவிடுவோம். குதிக்கால் படும் கணத்தில் வழுக்கினால் கால் முன்னே போகும், உடம்பு மல்லாரும். எலும்பு முறிவது அதில்தான். இந்தச் சப்பாத்து வளைவது எப்போது? குதிக்கால் மேலே எழும்பி, விரல் உந்தும்போது. அப்படியானால் நகம் வரும் நேரமும் ஆபத்து வரும் நேரமும் வேறு வேறு அல்லவா? ஏற்றத்தில் உதவும் என்று நம்புகிறேன். நம் ஆட்கள் விழுவது இறக்கத்தில்.

விழுதல் சின்ன விஷயம் என்று எவரும் நினைக்க வேண்டாம். உலகில் ஆண்டுதோறும் 6 இலட்சத்து 84 ஆயிரம் பேர் விழுந்து இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணித்திருக்கிறது. தற்செயலான காயங்களால் நேரும் மரணங்களில், வீதி விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான்.

இன்னொன்று. இங்கிலாந்தில் 4,500க்கும் மேற்பட்ட சுகாதார சேவை ஊழியர்களை வைத்து ஒரு சோதனை நடந்தது. வழுக்காத அடியுள்ள சப்பாத்துக் கொடுக்கப்பட்டவர்களிடம் வழுக்கும் சம்பவங்கள் 37 சதவீதம் குறைந்தன. நகமும் இல்லை, தகடும் இல்லை. நல்ல இறப்பர், சரியான பள்ளங்கள், அவ்வளவுதான்.

பேராதனைப் பொறி

குதிக்கால் விஷயத்தை நான் யோசிக்கவில்லை, அக்கா. அந்த இடம் வளையாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். வடக்கு ஐரோப்பாவில் வேறொரு வகை உண்டு. அடியில் பதித்த சிறு இரும்புத் தகட்டைக் கையால் திருப்பினால் முள் வெளியே வரும், மறுபடி திருப்பினால் உள்ளே போகும். அதில் குதிக்காலிலும் முள் இருக்கும், வளைவை நம்ப வேண்டியதில்லை. ஆனால் ஆஸ்பத்திரித் தரையில் கிடைத்த 37 சதவீதத்தை அப்படியே மலைக்குத் தூக்கி வருவதும் ஐயா சொன்ன அதே தவறுதானே?

மாவுக்கட்டு

தவறுதான். இருந்தாலும் எது மலிவோ, எது கடையில் கிடைக்குமோ அதை முதலில் பார்ப்பது என் வழக்கம். குனிந்து முள்ளைத் திருப்பக்கூடிய வயதில் உள்ளவர்கள் எங்கள் கட்டிலுக்கு அவ்வளவாக வருவதில்லை.

நல்லதண்ணீர் வழிப்போக்கன்

சிவனொளிபாத மலையில் மார்கழியிலிருந்து வைகாசிப் பௌர்ணமியான வெசாக் வரை, ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகளில், வெறுங்காலோடும் செருப்போடும் விலையுயர்ந்த மலையேற்றச் சப்பாத்தோடும் ஆட்கள் இறங்குவதைப் பார்த்திருக்கிறேன். ஈரமான படியில் எல்லோரும் தேடுவது கைப்பிடிக் கம்பியைத்தான். இரும்பு முள் சீமெந்தில் எத்தனை நாள் கூராக இருக்கும் என்பதும் கேள்வி.

கொழுந்துக்கூடை

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். எல்லோரும் என் காலைப் பற்றித்தான் பேசுகிறீர்கள், என்னைத் தவிர.

பொகவந்தலாவைப் பக்கம் பதினாறு வருடமாகக் கொழுந்து பறிக்கிறேன். மலையில் நான் போடுவது இறப்பர் செருப்பு. செங்குத்து இடம் வந்தால் அதையும் கழற்றி, இடுப்பில் கட்டும் படங்கில் சொருகிக்கொள்வேன். ஏன் தெரியுமா? நீளும் நகம் எனக்கு ஏற்கனவே இருக்கிறது, அதன் பெயர் பெருவிரல். ஏற்றத்தில் அதை மண்ணில் குத்தி ஏறுகிறோம். இறக்கத்தில் பாதத்தைக் குறுக்காகப் போட்டு, தேயிலைத் தூரில் ஒரு பக்கத்தைச் சாய்த்து இறங்குகிறோம். நீள் இறப்பர்ச் சப்பாத்தும் போட்டுப் பார்த்தேன். உள்ளே தண்ணீர் போய்க் கால் தனியாக வழுக்கும், சப்பாத்துத் தனியாக வழுக்கும். அட்டை உள்ளே போனால் மாலையில் கழற்றும்போது இரத்தம் தளும்பும். வெறுங்காலென்றால் கண்டவுடன் தட்டிவிடலாம்.

அதற்காக வெறுங்கால் நல்லது என்று சொல்ல வரவில்லை. கவ்வாத்து வெட்டிய குச்சி ஏறி, தையல் போட்டு, பத்து நாள் வீட்டில் கிடந்தவள் நான். 2024இல் உயர்த்தியபோது நாட்சம்பளத்தின் அடிப்படை 1,350 ரூபாய் ஆனது. பத்து நாளை அதனால் பெருக்கிப் பாருங்கள்.

எங்கே விழுகிறோம் என்று கேட்டீர்களா? மலையில் விழுவது குறைவு. அங்கே கண்ணும் காலும் ஒன்றாக இருக்கும். விழுவது மூன்று இடங்களில். கூடை நிறைந்து, நெற்றியில் கயிறு இழுக்க, நிறுவைக்கு நேரமாகிவிட்டதென்று கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு ஓடும்போது. அந்தப் பாரத்தோடு கான் தாண்டும்போது. பிறகு இரவில், எங்கள் வரிசை வீடுகளான லயத்திலிருந்து கக்கூசுக்குப் போகும் படியில். அந்த நேரம் எவரும் சப்பாத்துப் போட்டுக்கொண்டு போவதில்லை. நகம் வைத்ததும் போடமாட்டார்கள், நகம் வைக்காததும் போடமாட்டார்கள். தூறல் தம்பியின் அப்பாவும் விடிகாலையில் பீலிக்கு எதைப் போட்டுக்கொண்டு போனார்? சொல்லுங்கள்.

நானுஓயாத் தூறல்

பழைய செருப்பு, அக்கா. வலது காலுக்கு ஒன்று, இடது காலுக்கு வேறொன்று.

பிரட்டுக்களத்துப் பெரியவர்

தங்கச்சி சொன்னதில் நிறுவைக்கு ஓடும் இடம் என்னைச் சுட்டது. நானும் கடிகாரத்தைப் பார்த்துக் கத்தியவன்தான்.

சப்பாத்துக் கொடுக்கச் சொல்லிக் கேட்பதில் எனக்கு வேறொரு பயமும் இருக்கிறது. 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டப்படி வேலையில் நேர்ந்த விபத்துக்கு நட்டஈடு கேட்கலாம். 2022இல் செய்த திருத்தத்தால் வேலைக்குப் போகும் வழியும் வரும் வழியும்கூட அதற்குள் வந்துவிட்டன. நாளைக்கு ஒரு நகச் சப்பாத்தைக் கையில் கொடுத்துக் கையெழுத்தும் வாங்கிவிட்டால், விழுந்தவளிடம் கேட்கும் முதல் கேள்வி என்னவாக இருக்கும்? "சப்பாத்துப் போட்டிருந்தாயா?" பாதையைப் பற்றி ஒருவரும் கேட்கமாட்டார்கள்.

பேராதனைப் பொறி

அந்தப் பயம் நியாயமானது. ஆனால் அதே வாதத்தை வைத்துத் தலைக்கவசத்தையும் வேண்டாம் என்று சொல்லலாமே, ஐயா. மருந்து தெளிப்பவர்களுக்கு முகமூடி கேட்டபோதும் இப்படித்தான் எவராவது சொல்லியிருப்பார்கள்.

அக்கா சொன்னதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இது: மலைக்குத் தேவையானது கனத்த சப்பாத்து அல்ல. விரல் மண்ணை உணரக்கூடிய, தண்ணீர் வெளியேறக்கூடிய, கழுவினால் ஒரு மணி நேரத்தில் காயக்கூடிய ஒன்று. குதிக்காலில் ஆழமான, அகன்ற பள்ளங்கள் இருக்க வேண்டும், களி அப்பாமல் உதிரும்படி. நகம் அதற்கு மேல் வேண்டுமா என்று செய்து பார்த்தால்தான் தெரியும். லயத்துப் படிக்கு வாசலிலேயே கிடக்கும் ஒரு செருப்பு, அதே அடியோடு.

தூறல், அடுத்த ஞாயிறு உங்கள் படிக்கு வரலாமா? தேய்ந்த செருப்பு, புதுச் செருப்பு, பழைய டயரில் வெட்டிய அடி, மெல்லிய தகட்டில் நானே வெட்டிப் பார்த்த நகம், நான்கையும் கொண்டுவருகிறேன். செருப்பின் மேல் பாரம் வைத்துத் தராசால் கிடையாக இழுத்தால், நகரத் தொடங்கும்போது காட்டும் எடையை வைத்த பாரத்தால் வகுத்து உராய்வு எண்ணைப் பெறலாம். தகட்டை மட்டும் வளைத்து வைத்து இழுக்க வேண்டும்.

நானுஓயாத் தூறல்

வாருங்கள். மேலிருந்து மூன்றாவது படி. அப்பாவும் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பதாகச் சொல்கிறார்.

பிரட்டுக்களத்துப் பெரியவர்

நானும் கம்பித் தூரிகையோடு வருகிறேன். முதலில் பாசியோடு அளந்துகொள்ளுங்கள், பிறகு நான் தேய்த்துவிடுகிறேன், மறுபடி அளந்துபாருங்கள். உங்கள் நகம் கூட்டியது அதிகமா, என் தூரிகை கூட்டியது அதிகமா என்று பார்ப்போம்.

மாவுக்கட்டு

விடிவதற்கு முன்பே தொடங்குங்கள். வெயில் ஏறினால் அந்தப் படி சாதுவாகிவிடும். எவரும் தாமே ஏறி நின்று சோதிக்க வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேலை நாள்.

பேராதனைப் பொறி

ஒரு சிக்கல். ஆய்வுகூடத்தில் உள்ள வில்தராசு சிறியது. இருபது கிலோ வரை காட்டும் தொங்குதராசு எவரிடமாவது இருக்கிறதா?

கொழுந்துக்கூடை

கொழுந்து மடுவத்தில் இருக்கும், கேட்டு வாங்குங்கள். ஆனால் எங்கள் பக்கத்துத் தராசு மாதிரியே அதுவும் இருந்தால், வரும் எடையோடு இரண்டு கிலோ கூட்டிக்கொள்ளுங்கள், தம்பி. எங்களுக்கு அது எப்போதும் குறைத்துத்தான் காட்டியிருக்கிறது.