ஸ்மார்ட் போர்டு வந்தது, கவராயம் எங்கே போனது?

கவராயம்:
கவராயம் என்ற புனைபெயரில், சண்டைக்கு இழுக்கவே இதை எழுதுகிறேன். இருபத்தாறு ஆண்டுகளாக உயர்நிலை வகுப்புகளுக்குக் கணக்கு நடத்துகிறேன். போன வாரம் ஒன்பதாம் வகுப்பில் முக்கோணத்துக்குச் சுற்றுவட்டம் வரையும் பாடம். முதல் நாள் ஸ்மார்ட் போர்டின் பெரிய திரையில் காட்டினேன். பக்கங்களின் நடுவே செங்குத்தாகச் செல்லும் மையக்குத்துக்கோடுகள் தாமே நீண்டு வந்து சந்தித்தன. வட்டம் தானே சுழன்று மூன்று முனைகளையும் தொட்டது. "புரிந்ததா?" என்றேன். "புரிந்தது சார்!" என்று கூரை அதிர்ந்தது.

மறுநாள் நோட்டில் வரையச் சொன்னேன். நாற்பது பேரில் ஆறு பேருடைய வட்டம்தான் மூன்று முனைகளிலும் பட்டது. ஒருவனுடைய கவராயத்தில் திருகு தளர்ந்திருந்தது. வில்லைத் தொடங்கும்போது நான்கு செ.மீ., முடிக்கும்போது நாலரை. அதை அவன் கவனிக்கவே இல்லை. பலர் பக்க நீளத்தில் பாதிக்கும் குறைவாக ஆரம் எடுத்துவிட்டு, விற்கள் ஏன் வெட்டிக்கொள்ளவில்லை என்று என் முகத்தைப் பார்த்தார்கள். திரையில் விற்கள் வெட்டாமல் போவதே இல்லை. என் புகார் அதுதான். தவறே செய்யாத ஓர் ஆசிரியரைக் கொண்டுவந்து சுவரில் மாட்டியிருக்கிறோம்.

வேப்பமரத்தடி:
ஐயா, நீங்கள் ஓட்டிக் காட்டியது ஒரு படம். அது சினிமா கொட்டகை வேலை. பிள்ளைகள் கைகட்டி உட்கார்ந்து பார்த்ததற்குக் கணினி என்ன செய்யும்?

அதே பாடத்தை நான் எங்கள் அரசுப் பள்ளியின் கணினி ஆய்வகத்தில் ஜியோஜீப்ராவில் நடத்தினேன். இலவச வடிவியல் மென்பொருள்தான். ஒரு கணினிக்கு மூன்று பேர். முக்கோணத்தின் ஒரு முனையைப் பிடித்து இழுக்கச் சொன்னேன், அவ்வளவுதான். குறுங்கோண முக்கோணத்தில் சுற்றுவட்டத்தின் மையம் உள்ளே இருக்கிறது. விரிகோணமானால் வெளியே ஓடிவிடுகிறது. இழுத்துக்கொண்டே இருந்த ஒரு மாணவி, "சார், சரியாகத் தொண்ணூறு பாகையில் அது பெரிய பக்கத்தின் மேலேயே உட்கார்ந்துகொள்கிறதே, எப்போதும் இப்படித்தானா?" என்று கேட்டாள். வேறு வேறு செங்கோண முக்கோணங்களை அமைத்துப் பார்த்தாள். கர்ணத்தின் நடுப்புள்ளியைவிட்டு அது நகரவே இல்லை. அரைவட்டத்தில் அமையும் கோணம் செங்கோணம் என்பதை நான் சொல்லவே இல்லை. அதன் வாசல்வரை அவளே வந்து நின்றுவிட்டாள். கரும்பலகையில் ஒரு பாடவேளைக்குள் எத்தனை முக்கோணம் வரைவீர்கள்? நான் மூன்று வரைவேன், அதுவும் கோணல்மாணலாக.

கவராயம்:
அந்தப் பெண்ணுக்கு என் பாராட்டு. ஆனால் ஒரு கணினிக்கு மூன்று பேர் என்றீர்கள். சுட்டி யார் கையில் இருந்தது? மற்ற இருவரும் என்ன செய்தார்கள்?

ஆளுக்கொரு கருவி கொடுத்தால் தீர்ந்துவிடும் என்று சொல்லிவிடாதீர்கள். பெரு நாட்டில் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகளைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகள் முந்நூற்றுக்கும் மேற்பட்டவற்றை ஆராய்ந்து 2012இல் அறிக்கை வந்தது. கணக்கிலும் மொழிப்பாடத்திலும் முன்னேற்றம் எதுவும் தென்படவில்லை. ஸ்வீடனோ 2023இல் அச்சுப் புத்தகங்கள் வாங்கத் தனியாகப் பணம் ஒதுக்கித் திரும்பிக்கொண்டிருக்கிறது. அவர்கள் கழற்றுவதை நாம் மாட்டிக்கொண்டிருக்கிறோம்.

சன்னலோரம்:
பெருவரை போவானேன்? 1999இல் டெல்லி கால்காஜியில் சுகதா மித்ரா என்ற கல்வி ஆய்வாளர் சுவரில் ஓட்டை போட்டு ஒரு கணினியை வைத்தார். பள்ளிக்கே ஒழுங்காகப் போகாத பிள்ளைகள் தாமாகவே இயக்கக் கற்றார்கள். பிறகு நம் பக்கம் காளிக்குப்பத்தில், தமிழ் மட்டுமே பேசும் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் மரபணுப் பாடங்களைக் கணினியில் போட்டுவிட்டுப் போய்விட்டார். சுழியத்தில் இருந்தவர்கள் இரண்டு மாதத்தில் நூற்றுக்கு முப்பது மதிப்பெண்ணுக்கு வந்தார்கள். ஆசிரியர் கிடையாது. பிள்ளைகளை நம்புங்கள், கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்கள்.

கவராயம்:
கதையைப் பாதியில் நிறுத்திவிட்டீர்களே தம்பி. முப்பது என்பது தோல்வி. அதற்குப் பிறகு நடந்ததையும் மித்ராவே மேடையில் சொல்லியிருக்கிறார். அந்த ஊரில் பிள்ளைகளோடு விளையாடும் இளம்பெண் ஒருத்தி. வேலை கணக்கர், மரபணு பற்றி எதுவும் தெரியாது. பாட்டி மாதிரி பின்னால் நின்று, "அட, இது எப்படி? இன்னும் கொஞ்சம் காட்டு" என்று வியந்தால் போதும் என்று அவளை மித்ரா கேட்டுக்கொண்டார். மதிப்பெண் ஐம்பதுக்கு ஏறியது. கடைசி இருபது எங்கிருந்து வந்தது? கணினி அதேதான்.

வேப்பமரத்தடி:
முதல் முப்பது எங்கிருந்து வந்தது ஐயா?

டெல்லியில் பள்ளி நேரத்துக்குப் பின் நடந்த இன்னொரு முயற்சியையும் சொல்கிறேன். ஆய்வு 2019இல் வெளியானது. பிள்ளை எட்டாம் வகுப்பில் இருந்தாலும் அதன் கணக்கு நான்காம் வகுப்பில் நின்றிருக்கும். மென்பொருள் அதைக் கண்டுபிடித்து அங்கிருந்தே தொடங்கியது. நாலரை மாதத்தில் கணக்கிலும் இந்தியிலும் நல்ல முன்னேற்றம். நாற்பது பேர், நாற்பது நிலை. ஒரு மனிதரால் ஒரே நேரத்தில் இது முடியுமா? பெருவில் பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். இங்கே பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று யோசித்தார்கள்.

கவராயம்:
அங்கேயும் பாதி நேரம் சிறு குழுவுக்கு ஓர் ஆசிரியர் இருந்தார் என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள்.

மண்பானைத் தண்ணீர்:
இரண்டு பேரும் உயர்நிலைப் பள்ளி வாத்தியார்கள், அதனால் வட்டம் வரைந்து சண்டை போட நேரம் இருக்கிறது. நான் தொடக்கப் பள்ளி. எங்களுக்கும் கையடக்கக் கணினி வந்தது. அதில் நான் பாடம் நடத்திய நேரத்தைவிட வருகைப் பதிவும் புள்ளிவிவரமும் ஏற்றிய நேரம்தான் அதிகம். மாடிப்படியில் மூன்றாம் படி வரை ஏறினால்தான் சிக்னல் வரும். நான் படியில் நிற்பேன். கீழே இரண்டாம் வகுப்பு தன் போக்கில் சந்தை நடத்தும்.

2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது நினைவிருக்கிறதா? பிறகு மாநிலம் முழுவதும் வந்தது. சுவரின் அடிப்பகுதியில், பிள்ளைகளின் உயரத்துக்குக் கரும்பலகை; ஆளுக்கொரு இடம். ஒவ்வொரு பிள்ளையும் பாட அட்டையை எடுத்து, தன் நிலைக்கு ஏற்ற ஏணிப்படியில் தானே ஏறும். வேப்பமரத்தடி டெல்லி மென்பொருளைப் பற்றிச் சொன்னதும் எனக்கு அந்த அட்டைகள்தான் கண்ணில் வந்தன. அதற்கு மின்சாரம் வேண்டாம். அட்டைகள் கிழிந்தன, தொலைந்தன, அதுவும் உண்மை. ஆனால் அப்டேட் செய்யச் சொல்லி வகுப்பின் நடுவில் நின்றதில்லை.

கடைசி பெஞ்ச்:
ஆசிரியர்களுக்கு நடுவே ஒரு பழைய மாணவன். 2011இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் இரண்டு ஆண்டு கழித்து எனக்கும் ஒன்று வந்தது. வகுப்பறையில் அதை ஒருநாளும் திறக்கவில்லை. "பரீட்சை முடியும்வரை தொடாதே" என்றுதான் சொன்னார்கள். ஆனால் எங்கள் தெருவுக்கே முதல் கணினி அது. அம்மா மஞ்சள் துணி போட்டு மூடி வைத்திருந்தார். அப்பா இரண்டு மாதம் அதன் பக்கமே வரவில்லை. பிறகு நெல் விற்ற கணக்கை அதில் எழுதிவைக்கச் சொன்னார். கூட்டல் தானாக வருவதைப் பார்த்து, நோட்டில் மறுபடி கூட்டிச் சரிபார்த்தார். நானும் கட்டம் கட்டமாகக் கணக்குப் போடுவதை அப்படித்தான் கற்றேன். இன்று சோறு போடுவது அதுதான். பிளஸ் டூ மதிப்பெண் ஏறவில்லை. பெரு ஆய்வு என்னிடம் வந்திருந்தால் எனக்கும் சுழியம்தான் போட்டிருக்கும்.

கவராயம்:
கடைசி பெஞ்ச், உங்கள் அப்பா மறுபடி கூட்டிப் பார்த்தார் பாருங்கள், அவர் என் கட்சி.

வேப்பமரத்தடிக்கு ஒரு கேள்வி. மறைக்காமல் சொல்லுங்கள். அந்த மாணவி பிறகு நோட்டில் கவராயம் வைத்து வரைந்தாளா?

வேப்பமரத்தடி:
மறுநாளே வரையச் சொன்னேன். முதல் முறை விற்கள் வெட்டிக்கொள்ளவில்லை. யாரையும் கேட்காமல் அழித்துவிட்டு ஆரத்தைக் கூட்டிக்கொண்டாள். வட்டம் மூன்று முனைகளிலும் பட்டது.

அவளுடன் அதே கணினியில் உட்கார்ந்திருந்த மற்ற இருவரும் அவள் நோட்டைப் பார்த்துத்தான் வரைந்தார்கள். மறைக்காதீர்கள் என்றீர்கள், அதனால் அதையும் சொல்லிவிட்டேன்.