மறு: கலைச்சொல் – 'இராணுவ அகாடமி'யா, 'தரைப்படை அதிகாரிப் பள்ளி'யா?

அனைவருக்கும் வணக்கம்.

ஜப்பானியத் தரைப்படை பற்றிய கட்டுரைகளுக்கான சொற்பட்டியலைப் பார்த்தேன். பெரும்பாலும் சரிதான். இளைஞர்களைத் தரைப்படை அதிகாரிகளாக்கிய ரிகுகுன் ஷிகான் கக்கோவுக்கு எதிரே 'இராணுவக் கல்லூரி' என்று இருப்பதை மட்டும் தயவுசெய்து எடுத்துவிடுங்கள், அது வேறொரு நிறுவனத்துக்குப் போகவேண்டிய பெயர்.

> அகாடமி என்றே விட்டுவிடலாமே, எல்லோருக்கும் புரியும்.

புரியும், மறுக்கவில்லை. ஆனால் மூலப்பெயரில் அகாடமி கிடையாது. ரிகுகுன் தரைப்படை, ஷிகான் அதிகாரி, கக்கோ பள்ளி, அவ்வளவுதான். நாம் 'தரைப்படை அதிகாரிப் பள்ளி' என்றால் நேராக வந்து உட்கார்ந்துவிடுகிறது. வெறும் 'இராணுவ' போதாது, ஏனென்றால் கடற்படைக்குத் தனிப் பள்ளி இருந்தது, 1888இல் அதை எடாஜிமா தீவுக்குக் கொண்டுபோனார்கள். அப்புறம், 'அலுவலர்' வேண்டாம். படை அலுவலர் என்றால் தாலுகா ஆபீஸ் நினைவுதான் வருகிறது.

'கல்லூரி'யை ஏன் ஒதுக்கி வைக்கச் சொல்கிறேன் என்றால், 1883இல் தொடங்கிய ரிகுகுன் டாய்கக்கோ என்று இன்னொன்று உண்டு. ஏற்கெனவே படைப்பிரிவில் வேலை பார்த்துக்கொண்டிருந்த இளம் அதிகாரிகளில் கடுமையான தேர்வில் தேறிய கொஞ்சம் பேரை மட்டும் எடுத்து, போர்த் திட்டம் வகுக்கும் தலைமைப் பணியகத்துக்குத் தயார்செய்த இடம் அது. நீலகிரி வெலிங்டனில் இருப்பதை நம் பத்திரிகைகள் 'ராணுவப் பயிற்சிக் கல்லூரி' என்றே எழுதுகின்றன, அதே வகைதான் இதுவும், ஆகவே கல்லூரி இதற்கே போகட்டும். இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானின் பிரதமராக இருந்த டோஜோ ஹிடெகி 1905இல் பள்ளியிலும் 1915இல் கல்லூரியிலும் முடித்தவர். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால், மனிதர் பத்து வருடம் ஒரே இடத்தில் படித்ததாக ஆகிவிடும்! ஜெர்மானியப் படை அதிகாரி மெக்கெல் 1885இலிருந்து பாடம் நடத்தியதும் கல்லூரியில்தான், அதைப் பள்ளிக் கணக்கில் எழுதுவது அடிக்கடி நடக்கிறது.

> கேடட் = பயிற்சி மாணவர். இதில் என்ன சிக்கல்?

இங்கேதான் எனக்குப் பெரிய தகராறு. 1874இல் டோக்கியோவின் இச்சிகாயாவில் பள்ளி அமைந்தபோது பிரெஞ்சு முறை, பையன் நேரே பள்ளியில் சேர்வான், அவன் பெயர் 'ஷிகான் செய்த்தோ', அதாவது மாணவர். 1887இல் விதிகளை மாற்றிப் பிரஷ்ய (அதாவது ஜெர்மானிய) முறைக்குப் போனார்கள். முதலில் ஒரு படைப்பிரிவில் சேர்ந்து, சிப்பாய்களோடு பாசறையில் இருந்து, அதன் பிறகுதான் பள்ளி. இவன் 'ஷிகான் கோஹோசெய்', அதிகாரி ஆவதற்குக் காத்திருப்பவன். ஜப்பானியர்களே இதைப் பெரிய மாற்றமாகத்தான் பார்த்தார்கள், அதுவரை சேர்ந்த 11 மாணவர் அணிகளைத் தனியாக வைத்துவிட்டு, அணிகளுக்கு மறுபடி ஒன்றிலிருந்து எண் போட்டார்கள். அதனால் முந்தையவருக்கு 'அதிகாரி மாணவர்', பிந்தையவருக்கு இலங்கையில் புழங்கும் 'பயிலிளவல்' என்று பிரிக்கலாம் என்பது என் யோசனை. 'வேட்பாளர்' வேண்டாம், தேர்தல் வாடை.

பள்ளி முடிந்தவுடன் அதிகாரி ஆகிவிடுவதில்லை. அதே படைப்பிரிவுக்குத் திரும்பிச் சில மாதம் 'மினராய் ஷிகான்' ஆக இருக்கவேண்டும், அங்குள்ள அதிகாரிகள் கூடி ஏற்றுக்கொண்டால்தான் இரண்டாம் லெப்டினன்ட். பட்டியலில் உள்ள 'பயிற்சி அதிகாரி' பயிற்சி கொடுப்பவர் என்றும் பொருள்படும். 'தகுதிகாண் அதிகாரி' என்று ஒருவர் எழுதியிருந்தார், நல்ல சொல், ஆனால் நம் அரசுப் பணியில் தகுதிகாண் பருவம் நியமனத்துக்குப் பிறகு வருவது, இது நியமனத்துக்கு முன்னால். 'பழகுநர் அதிகாரி' பொருந்துகிறது, மினராய் என்பதும் பார்த்துப் பழகுவதுதான்.

1920இல் படிப்பை யோகா, ஹொன்கா என்று இரண்டாகப் பிரித்தார்கள் (ஆசனம் போடும் யோகா இல்லை). யோகாவுக்குப் புதுச்சொல் தேடவே வேண்டாம், பழைய பி.யு.சி.யை நாம் 'புகுமுக வகுப்பு' என்றோமே, அதையே 'புகுமுகப் பிரிவு' ஆக்கலாம். ஹொன்கா 'முதன்மைப் பிரிவு'. முதன்மைப் பிரிவு 1937இல் டோக்கியோவுக்கு வெளியே உள்ள ஸாமாவுக்குப் போய், பேரரசர் வைத்த சோபுடாய் என்ற பெயரைப் பெற்றது, இன்று அங்கே இருப்பது அமெரிக்கப் படைத்தளம். இச்சிகாயா வளாகத்தில்தான் 1946 முதல் 1948 வரை போர்க்குற்ற விசாரணை நடந்தது, டோஜோ தான் படித்த இடத்திலேயே கூண்டில் நின்றார். கட்டுரையில் இது கட்டாயம் வரவேண்டும், இப்போது இல்லை.

ஒரு விதிவிலக்கு. 1944இல் சுபாஷ் சந்திர போஸ் ஜப்பானுக்குப் பயிற்சிக்கு அனுப்பிய இந்திய இளைஞர்களை 'டோக்கியோ கேடட்கள்' என்பது நிலைத்துவிட்ட பெயர். அதைப் 'பயிலிளவல்' ஆக்கினால் தேடுகிறவருக்குக் கிடைக்காது, அப்படியே விடுங்கள்.

பழகுநரை ஏற்கும் அந்த அதிகாரிகள் குழுவுக்குப் (ஷோகோதான்) பட்டியலில் சொல்லே இல்லை. 'அதிகாரிகள் அவை' என்று தற்காலிகமாகப் போட்டுவைத்திருக்கிறேன், எனக்கே முழுத் திருப்தி இல்லை. இதைவிட நல்லது தோன்றினால் எழுதுங்கள்.