லோக்கல்டேட்டை மட்டும் கம்பைலர் ஏன் ஏற்க மறுக்கிறது?

கேள்வி:
ஒரு பட்டியலில் மிகப் பெரிய மதிப்பைக் கண்டுபிடிக்க ஜாவா நிரல்மொழியில் மெத்தட் (செயல்கூறு) எழுதினேன். பட்டியலில் உள்ள வகையை டி என்று அழைத்து, அது தன் வகையோடு ஒப்பிடத்தக்கதாக இருக்க வேண்டும் என வைத்த வரம்பு: <டி எக்ஸ்டெண்ட்ஸ் கம்பேரபிள்<டி>>. இன்டிஜர், ஸ்ட்ரிங் இரண்டுக்கும் சரியாக வேலை செய்கிறது. தேதிகளுக்கான லோக்கல்டேட் வகைப் பட்டியலைக் கொடுத்தால் கம்பைல் ஆகவில்லை, அதாவது நிரலை மொழிபெயர்க்கும் கம்பைலர் அதை ஏற்கவில்லை. இரண்டு தேதிகளைக் கம்பேர்டூ என்ற ஒப்பிடும் மெத்தட் கொண்டு ஒப்பிட முடிகிறதே! நேற்று மாலை முழுவதும் இதிலேயே போய்விட்டது. காஸ்ட் (வகையை வலிந்து மாற்றுவது) போட்டுச் சமாளிக்க மனமில்லை, காரணம் தெரிய வேண்டும்.

பதில் 1:
கம்பேரபிள்<? சூப்பர் டி> என்று மாற்றுங்கள், போதும்.

கேள்வி கேட்டவர்:
கம்பைல் ஆகிவிட்டது, நன்றி. ஆனால் ஏன் ஆனது என்று இன்னும் புரியவில்லை.

பதில் 2:
காரணம் கேட்டீர்களே, அதுவே எனக்கு மகிழ்ச்சி. லோக்கல்டேட்டின் ஆவணத்தைத் திறந்து பாருங்கள். ஒப்பிடும் திறன் அதற்கு க்ரோனோலோக்கல்டேட் என்ற இன்டர்ஃபேஸ் (அதன் மேல்வகை) வழியாக வருகிறது. ஆகவே அது கம்பேரபிள்<க்ரோனோலோக்கல்டேட்>. உங்கள் பழைய வரம்போ கம்பேரபிள்<லோக்கல்டேட்> வேண்டும் என்று கேட்டது. மேல்வகை எதையும் ஒப்பிடத் தெரிந்த ஒன்றுக்குக் கீழ்வகையையும் ஒப்பிடத் தெரியும் அல்லவா? "? சூப்பர் டி" (டி அல்லது அதன் மேல்வகை ஏதோ ஒன்று) அந்த உண்மையைக் கம்பைலருக்குச் சொல்கிறது. கலெக்‌ஷன்ஸ் வகுப்பின் மேக்ஸ் மெத்தடிலும் இதையே காணலாம்.

மெத்தடுக்கு வரும் பட்டியலை லிஸ்ட்<? எக்ஸ்டெண்ட்ஸ் டி> (டி அல்லது அதன் கீழ்வகை ஏதோ ஒன்றின் பட்டியல்) என்று வைத்துக்கொள்ளுங்கள். மதிப்பை எடுக்கும் இடத்தில் எக்ஸ்டெண்ட்ஸ், மதிப்பைக் கொடுக்கும் இடத்தில் சூப்பர். கம்பேர்டூவுக்கு நாம் மதிப்பைக் கொடுக்கிறோம், பட்டியலிலிருந்து எடுக்கிறோம்.

கேள்வி கேட்டவர்:
இப்போது தெளிவு. ஒன்று மட்டும்: லிஸ்ட்<? எக்ஸ்டெண்ட்ஸ் நம்பர்> பட்டியலில் ஓர் இன்டிஜரைக்கூட ஆட் செய்ய முடியவில்லையே?

பதில் 2:
அந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பது லிஸ்ட்<டபுள்> ஆகவும் இருக்கலாம். தசம எண்களுக்கான அதில் முழு எண்ணான இன்டிஜர் நுழைந்தால் என்ன ஆகும்? அதனால் நல் (வெற்று மதிப்பு) தவிர எதையும் சேர்க்க விடாது. அர்ரேயில் (நீளம் மாறாத வரிசையில்) இந்தக் காவல் இல்லை. இன்டிஜர் அர்ரேயை நம்பர் அர்ரே என்ற பெயரில் வைத்து அதில் டபுளைப் போட்டுப் பாருங்கள்: கம்பைல் ஆகும், ஓடும்போது அர்ரேஸ்டோர்எக்ஸெப்ஷன் என்ற பிழை வந்து விழும். பல மணி நேரம் ஓடிய வேலை அப்படி நின்றுபோனதை நான் பார்த்திருக்கிறேன். அன்றிலிருந்து கம்பைலர் மறுப்பதை உதவியாகவே எடுத்துக்கொள்கிறேன்.

பதில் 3:
மெத்தட் திருப்பித் தரும் டைப்பில் (வகையில்) மட்டும் இந்த "?" குறி வேண்டாம். அழைப்பவர்கள் எல்லோரும் அதைச் சுமக்க நேரிடும்.

கேள்வி கேட்டவர்:
அங்கேயும் போட்டிருந்தேன்! இப்போதே எடுத்துவிடுகிறேன்.