பிரைமருக்குத் தமிழ்ச்சொல்? திங்களன்று அச்சு

மொழிபெயர்ப்பாளர்:
வணக்கம். தச்சுப் பயிற்சிக் கையேட்டில், வெறும் மரத்தைப் பெயிண்டுக்குத் தயார் செய்யும் பாடம். உப்புத்தாள், பட்டி (பள்ளம் அடைக்கும் பசை) எல்லாம் பட்டறைச் சொல்லாகவே இருக்கட்டும். முதலில் பூசும் பிரைமர், அதன்மேல் பூசும் அண்டர்கோட் இரண்டும்தான் சொல் கிடைக்காமல் இழுக்கின்றன. இரண்டையும் 'அடிப்பூச்சு' என்றால் மாணவர் குழம்புவார்.

பயிற்றுநர்:
இரண்டும் வேறு வேலை ஐயா. வெறும் மரத்தில் பட்டி வைத்தால் பட்டியிலுள்ள எண்ணெயை மரம் குடித்துவிடும். பட்டி வறண்டு உதிரும். பிரைமர் நாருக்குள் இறங்கி அந்தத் தாகத்தை அடக்குகிறது. அண்டர்கோட் மேலே நின்று மரத்தின் நிறத்தை மறைக்கிறது.

தமிழாசிரியர்:
இறங்குகிறது என்றால் 'ஊறுபூச்சு'! ஊறுகாய் போல வினைத்தொகை, ஒற்று மிகாது. 'சுவைஒளி ஊறுஓசை நாற்றம்' என்ற குறளில் ஊறு தொடுவுணர்வு. தடவிப் பார்த்துத்தானே வழுவழுப்பை அறிகிறோம்?

மொழிபெயர்ப்பாளர்:
ஊறு என்றால் கேடும்தான் ஐயா. டப்பாவில் 'உடலுக்கு ஊறு விளைவிக்கும்' என்ற எச்சரிக்கைக்குப் பக்கத்தில் ஊறுபூச்சா? 'முன்பூச்சு' போதாதா?

தமிழாசிரியர்:
முற்பகல், முற்பிறவி இருக்க முன்பூச்சு எப்படி? முற்பூச்சு என்க.

பயிற்றுநர்:
முன்பணம் வாங்கும்போது யாரும் முற்பணம் கேட்பதில்லை. அப்புறம், பாடத்தில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. 120, 180 எண் உப்புத்தாளால் மர ரேகை ஓடும் திசையில் தேய்த்தபின் ஈரத்துணியால் ஒருமுறை துடைக்க வேண்டும். படிந்திருந்த நார் எழும்பும். நன்றாகக் காய்ந்ததும் 220 தாளால் லேசாகத் தேய்த்தால் போதும். இதை விட்டால் முதல் பூச்சிலேயே, அதுவும் தண்ணீர் பெயிண்ட் என்றால், பரப்பு சொரசொரவென்று ஆகிவிடும். கணுவில் பிசின் கசியும். ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கை அங்கே தடவியபின்தான் பிரைமர்.

தமிழாசிரியர்:
அரக்கு தமிழே என்பேன். லாக்ஷா என்ற வடசொல்லிலிருந்து வந்தது என்பார்க்கு...

மொழிபெயர்ப்பாளர்:
ஐயா, அதற்கு வேறு இழை திறக்கலாம். பிரைமர் = முன்பூச்சு, அண்டர்கோட் = இடைப்பூச்சு. மறுப்பில்லையென்றால் இப்படியே அனுப்புகிறேன்.

பயிற்றுநர்:
சரி. முதல் தடவை மட்டும் பிரைமர் என்றும் போட்டுவிடுங்கள்.

தமிழாசிரியர்:
என் மறுப்பு நிற்கிறது. முன்பூச்சு என்று படித்த மாணவன் கதவின் முன்பக்கம் மட்டும் பூசுவான். பின்பக்கமும் விளிம்புகளும் ஈரம் குடித்துக் கதவு கோணினால் யார் பொறுப்பு?